கொசுக்கடி அரிப்புக்கு எசென்ஷியல் ஆயில்: எத்தனை சொட்டு, எதில் கலந்து, எத்தனை நாள்?

மழைத்துளி கேட்டது:

கொசுக்கடி, எறும்புக்கடி அரிப்புக்குன்னு எசென்ஷியல் ஆயில் (செடியிலேர்ந்து எடுக்கிற அடர்த்தியான வாசனை எண்ணெய்) வச்சு ஒரே குறிப்புதான் எங்க பார்த்தாலும் சுத்துது. 10 மில்லி ரோல்-ஆன் பாட்டில்ல லாவெண்டர் 5 சொட்டு, டீ ட்ரீ 5 சொட்டு, பெப்பர்மிண்ட் 5 சொட்டு, மீதிக்குத் தேங்காய் எண்ணெய். அரிக்கும்போதெல்லாம் உருட்டிக்கலாம்னு போட்டிருக்காங்க.

இந்த அளவு சரியா? மூணு எண்ணெயில எது உண்மையிலேயே அரிப்பை அடக்குது, எது வாசனைக்கு மட்டும்? சொறிஞ்சு தோல் கிழிஞ்ச இடத்துல போடலாமா? அப்புறம், ரெண்டு மூணு நாள் தொடர்ந்து போட்டதும் கடிச்ச இடத்தைத் தாண்டி செவந்து பொரிப்பொரியா வந்தா அது பூச்சிக்கடியால வர்றதா, எண்ணெயால வர்றதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு வயசுக் குழந்தைக்கு இதுல எதைப் போடலாம்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சொட்டுக்கணக்கு:

முதல்ல அளவைப் பார்த்துடலாம். பாதிப் பிரச்சினை அங்கதான் இருக்கு.

பொதுவா 20 சொட்டு ஒரு மில்லின்னு வச்சுக்குவாங்க. அந்தக் கணக்குப்படி 15 சொட்டுன்னா 0.75 மில்லி. 10 மில்லி பாட்டில்ல அது 7.5 சதவீதம். நாள் முழுக்க அரிக்கும்போதெல்லாம் உருட்டுறதுக்கு இது ரொம்ப அதிகம். பெரியவங்களுக்குச் சின்ன இடத்துல, சில நாள் மட்டும் போட 2 சதவீதம் போதும். 3-ஐத் தாண்ட வேண்டிய தேவையே வராது. சென்சிடிவ் தோல், கர்ப்பிணி, வயசானவங்கன்னா 1 சதவீதம்.

10 மில்லிக்கு 1 சதவீதம்னா மொத்தம் 2 சொட்டு, 2 சதவீதம்னா 4 சொட்டு. இந்த "மொத்தம்"கிறதுலதான் தப்பு நடக்குது. மூணு எண்ணெய் கலந்தா மூணுக்கும் சேர்த்து 4 சொட்டு, ஒவ்வொண்ணுக்கும் 4 இல்ல. 30 மில்லி பாட்டில்ல 1 சதவீதம் 6 சொட்டு, 2 சதவீதம் 12 சொட்டு.

இன்னொரு சிக்கல், சொட்டு எல்லாம் ஒரே அளவு கிடையாது. பாட்டில் வாய்ல இருக்கிற பிளாஸ்டிக் அடைப்பானோட ஓட்டை, எண்ணெயோட அடர்த்தி, பாட்டிலைச் சாய்க்கிற கோணம், அறைச் சூடு எல்லாமே சொட்டை மாத்தும். மெல்லிசான எண்ணெய்ல மில்லிக்கு 30, 35 சொட்டு கூட விழும். அதே 15 சொட்டு ஒரு பாட்டில்ல 4 சதவீதமாவும் இன்னொண்ணுல 7.5 சதவீதமாவும் நிக்கிறது இதனாலதான். "நான் அதே குறிப்பைத்தான் செஞ்சேன், எனக்கு மட்டும் ஏன் எரியுது"ன்னு கேக்கறவங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு இருந்தா எடை போட்டுக் கலக்குங்க: 30 கிராம் கலவைல 2 சதவீதம்னா 0.6 கிராம் எசென்ஷியல் ஆயில், 29.4 கிராம் கேரியர் ஆயில் (தேங்காய் எண்ணெய் மாதிரி, சொட்டைக் கலக்கிற அடிப்படை எண்ணெய்). 0.1 கிராம் காட்டுற சமையல் தராசு இந்த வேலைக்கு உதவாது.

தேங்காய் எண்ணெய் கேரியரா நல்லாவே இருக்கும். ஆனா 24, 25 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுடும், ரோல்-ஆன் உருண்டை சுத்தாது. உறைஞ்ச எண்ணெய்ல சொட்டைப் போட்டா மேலயே நின்னுடும். முதல்ல உருகவைச்சு, அப்புறம் சொட்டு போட்டு, மூடி ஒரு நிமிஷம் உள்ளங்கையில உருட்டுங்க. குளிரான இடம்னா ஹோஹோபா மாதிரி சீக்கிரம் உறையாத எண்ணெய் எடுத்துக்கலாம்.

கடைசியா ரோல்-ஆன் பத்தி. அந்த உருண்டை சொறிஞ்ச தோல் மேல உருண்டு அதே அழுக்கோட பாட்டிலுக்குள்ள திரும்பிப் போகுது. ஒருத்தர் மட்டும் முழுத் தோல்ல போடறதுன்னா சரி. வீட்டுல நாலு பேர் பகிர்ந்துக்கிறதுன்னா சொட்டு பாட்டிலும் காட்டன் பட்ஸும்தான் நல்லது. ஒருமுறை தொட்ட பட்ஸைத் திரும்ப பாட்டில்ல விடாதீங்க.

வடிகலன்:

எந்த எண்ணெய் வேலை செய்கிறது என்பதற்கு முன், அரிப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீரில் உள்ள புரதங்கள் தோலுக்குள் போகின்றன. ஒவ்வாமை உள்ள உடலில் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. 20 நிமிடத்துக்குள் வெளிறிய தடிப்பு எழும்பும். இது முதல் அலை. இரண்டாவது, ஒரு நாள் ஒன்றரை நாள் கழித்து வரும் கெட்டியான சிவந்த முண்டு. அதில் ஹிஸ்டமினின் பங்கு குறைவு, நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே வந்து கூடுவதால் எழுவது. பலரும் "நேற்றே அடங்கிவிட்டது, இன்றைக்கு ஏன் மறுபடி" என்று குழம்பும் அரிப்பு இந்த இரண்டாவது அலைதான்.

எசென்ஷியல் ஆயில் எதுவும் அந்தப் புரதத்தை முறிப்பதில்லை. "விஷத்தை எடுக்கும்" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அவற்றால் முடிவது, அரிப்பு என்ற சேதி நரம்பு வழியே மேலே போவதைச் சிறிது நேரம் மறைப்பது. அதில் மூன்றில் முந்தி நிற்பது பெப்பர்மிண்ட். காரணம் அதிலுள்ள மெந்தால். தோலின் வெப்பநிலையை மெந்தால் குறைப்பதில்லை. குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியைத் தூண்டி, குளிர்கிறது என்ற உணர்வை உண்டாக்குகிறது. அந்தக் குளிர்ச்சி அரிப்பை அமுக்குகிறது. ஹிஸ்டமினோடு இதற்குச் சம்பந்தம் இல்லாததால் இரண்டாவது அலையிலும் பயன்படும். ஆனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குத்தான்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். அரிப்புக்கான களிம்புகளில் மெந்தால் வழக்கமாக 0.5 முதல் 1 சதவீதம் இருக்கும். பெப்பர்மிண்ட் எண்ணெயில், அதாவது மெந்தா பைபெரிட்டாவில், மெந்தால் ஏறக்குறைய 40 சதவீதம். ஆகவே 2 சதவீதக் கலவையில் மெந்தால் 0.8 சதவீதம். களிம்பின் அளவுக்கு வந்துவிட்டது. 10 மில்லிக்குப் பெப்பர்மிண்ட் மட்டும் 4 சொட்டு, வேறு எதுவும் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். நான்கு சொட்டை மூன்று எண்ணெய்க்குப் பங்கு போட்டால் மெந்தால் 0.3 சதவீதத்துக்கு விழும். குளிர்ச்சி தெரியாது, "வேலை செய்யவில்லை" என்று மேலும் மேலும் சொட்டைக் கூட்டுவார்கள். 15 சொட்டுக் குறிப்புகள் இப்படித்தான் பிறக்கின்றன.

மெந்தா ஆர்வென்சிஸ் என்று லேபிளில் இருந்தால் அது வேறு புதினா. மெந்தால் நீக்கப்படாத எண்ணெய் என்றால் அதில் மெந்தால் 70 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும். அதில் 4 சொட்டு விட்டால் குளிர்ச்சி எரிச்சலாக மாறும். 10 மில்லிக்கு 2 சொட்டில் தொடங்குங்கள். லேபிளில் தாவரப் பெயரே இல்லாமல் "ஃப்ரேக்ரன்ஸ் ஆயில்" என்று இருந்தால் அது தோலுக்கானது அல்ல.

டீ ட்ரீ எண்ணெய்க்கு ஒரு ஆய்வு இருக்கிறது. 2002-ல் வெளியானது, 27 தன்னார்வலர்கள். முன்கையில் ஹிஸ்டமினைச் செலுத்தி, 20 நிமிடம் கழித்து டீ ட்ரீ எண்ணெயைத் தடவியபோது தடிப்பின் பருமன் குறைந்தது. சுற்றியிருந்த சிவப்பு பெரிதாக மாறவில்லை. ஆனால் அவர்கள் தடவியது கலக்காத எண்ணெய், அதுவும் ஒரே ஒருமுறை. கடித்ததும் கொசு அல்ல, ஊசி. அதை வைத்து 2 சதவீத ரோல்-ஆனுக்கு நம்பிக்கை கொடுக்க முடியாது. டீ ட்ரீயைக் கலக்காமல் தொடர்ந்து போடுவது ஒவ்வாமையை வரவழைக்கும் வழி. லாவெண்டர் மணம் மனதை ஆற்றும், மெல்லிய மசாஜ் போல இதம் தரும். அரிப்பை நிறுத்தும் வலு அதில் குறைவு.

கிராம்பு எண்ணெயைச் சிலர் சொல்வார்கள். அதிலுள்ள யூஜெனால் மரத்துப்போகச் செய்யும், உண்மைதான். ஆனால் தோலில் கிராம்பு எண்ணெயின் பாதுகாப்பான உச்சம் 0.5 சதவீதம், 10 மில்லிக்கு ஒரே ஒரு சொட்டு. இலவங்கப்பட்டை எண்ணெய்க்கு அந்த ஒரு சொட்டே பல மடங்கு அதிகம், தொடவே வேண்டாம். பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களைப் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கருப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். கை கால்களில்தான் கொசு கடிக்கிறது, வெயில் படுவதும் அங்கேதான்.

தோல்நலம்:

மற்றவர்கள் அளவையும் எண்ணெயையும் சொல்லிவிட்டார்கள். கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது, கடித்த இடத்தைத் தாண்டிப் பரவும் சிவப்பு.

அடையாளம் காண எளிய வழி, சிவப்பின் வடிவத்தைப் பாருங்கள். பூச்சிக்கடியின் வீக்கம் கடிவாயை நடுவில் வைத்து வட்டமாக இருக்கும். எண்ணெயால் வந்தது, எண்ணெய் போன பாதையில் இருக்கும். ரோல்-ஆனை மேலும் கீழும் உருட்டினால் நீளப் பட்டையாக, விரலால் தேய்த்தால் விரல் போன தடத்தில், கால் மடிந்த இடத்துக்கு எண்ணெய் வழிந்திருந்தால் அங்கேயும். கடியே இல்லாத இடத்தில் சிறு கொப்புளங்களும் சொரசொரப்பும் வந்தால் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். நேரமும் சொல்லும்: போட்ட சில நிமிடங்களில் எரிந்து சிவந்தால் கலவை அதிகம் என்று பொருள். ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து அரிப்போடு பொரிந்தால் அது தொடர்பு ஒவ்வாமை.

இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. எரிச்சல் அளவைக் குறைத்தால் போய்விடும். ஒவ்வாமை அப்படி அல்ல. உடல் அந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை அரைச் சொட்டுக்கும் பொரியும். லாவெண்டரில் உள்ள லினலூல் பல சோப்பு, ஷாம்பு, வாசனைத் திரவியங்களிலும் இருப்பதால் பிறகு அவற்றிலும் சிக்கல் வரும். அரிப்பு கூடுகிறது என்று எண்ணெயை இன்னும் அதிகம் போடுவதுதான் இதில் நடக்கும் மிக மோசமான தவறு. பொரிந்தால் எல்லா எண்ணெயையும் நிறுத்துங்கள், வாசனையில்லாத மென்மையான சோப்பால் ஒருமுறை கழுவுங்கள், வெறும் வாஸலின் போடுங்கள். அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் பாட்டிலையும் எடுத்துப் போங்கள்; பேட்ச் டெஸ்டில் (சந்தேகப்படும் பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) எது என்று தெரிந்துவிடும்.

முன்கூட்டியே சோதிப்பதாக இருந்தால், ஒரு சொட்டு போட்டு அரைமணி பார்ப்பது போதாது, ஒவ்வாமை அதற்குள் தெரியாது. கலந்து வைத்த எண்ணெயை, கலக்காததை அல்ல, முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரு நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் போட்டு ஒரு வாரம் பாருங்கள். கொசு கடிக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

கிழிந்த தோலில் போடக் கூடாது. தோலின் மேலடுக்கு போனபின் எண்ணெய் நேராக உள்ளே இறங்கும்; எரிச்சலும் அதிகம், ஒவ்வாமை உருவாகும் வாய்ப்பும் அதிகம். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, வாஸலின் தடவி, மேலே சின்ன பிளாஸ்திரி. பிளாஸ்திரி ஒட்டினால் நகம் படாது, அதுவே பாதி மருந்து.

முழுத் தோல் என்றால் செய்முறை இது: கழுவுங்கள். ஈரத் துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பட்ஸில் தொட்டுத் தடிப்பின் மேல் மட்டும் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். தேய்ப்பதும் சொறிவதும் மாஸ்ட் செல்லுக்கு ஒன்றுதான். ஒரு நாளில் 3, 4 முறைக்கு மேல் வேண்டாம், 3 நாளோடு நிறுத்துங்கள். கை கழுவாமல் கண்ணைத் தொட்டால் மெந்தால் என்ன செய்யும் என்று உடனே தெரியும். உண்மையில் அந்த ஐஸ் ஒத்தடமே பலருக்குப் போதுமானது; எண்ணெய் அதற்கு மேல் ஒரு உதவி. தடிப்பு எழும் முதல் அலை தாங்க முடியாமல் இருந்தால் செட்ரிசின் மாதிரி ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையும், இரண்டாம் நாள் முண்டுக்கு 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பும் எந்த எண்ணெயையும்விட நம்பகமானவை. இயற்கை முறை வேண்டும் என்பவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வயதுக் குழந்தை: பெப்பர்மிண்ட், யூகலிப்டஸ், கற்பூரம் மூன்றும் வேண்டாம். 30 மாதம் வரையுள்ள குழந்தைகளின் மூக்கருகே மெந்தால் போனால் மூச்சுக்குழல் சட்டென்று இறுகிக்கொள்ளலாம். கற்பூரமும் யூகலிப்டஸும் வலிப்பைக் கொண்டுவரலாம். காலில்தானே போடுகிறோம் என்று நினைக்காதீர்கள், குழந்தை காலைத் தொட்ட கையை வாயில்தான் வைக்கும். ஈரத்துணி ஒத்தடம், காலமைன் லோஷன், நகத்தை ஒட்ட வெட்டுவது, இரவில் முழுக்கைச் சட்டை. அவ்வளவு போதும். ஜி6பிடி குறைபாடு (சில பொருட்களால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறைபாடு) உள்ள குழந்தைக்கு மெந்தாலும் கற்பூரமும் எந்த வயதிலும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். டீ ட்ரீ எண்ணெயைச் சில மில்லி விழுங்கினாலே குழந்தை மயங்கித் தள்ளாடும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக மருத்துவமனை.

எண்ணெயை எடுக்கவே கூடாத கடிகளும் உண்டு. தேனீ கொட்டினால் முதலில் கொடுக்கை எடுங்கள். நகத்தால் சுரண்டினாலும் கிள்ளினாலும் சரி, வேகம்தான் முக்கியம். உண்ணி தோலில் ஒட்டியிருந்தால் எண்ணெய் ஊற்றி மூச்சுத்திணற வைக்கப் பார்க்காதீர்கள். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எறும்பு கடித்துச் சீழ்க் கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். சிவப்பு இரண்டு நாளுக்குப் பிறகும் விரிந்துகொண்டே போய், சூடாக, வலியோடு இருந்தால் தொற்று. பேனாவால் ஓரத்தைக் கோடிட்டு வைத்தால் பரவுவது தெரியும். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ தலை சுற்றினாலோ உடனே அவசர சிகிச்சை.

மழைத்துளி:

ரொம்ப நன்றி. வடிவத்தைப் பார்க்கிறதுங்கிறது எங்கயும் படிக்காத விஷயம். இன்னும் ரெண்டு சந்தேகம். எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்காதவங்க கற்றாழை ஜெல்லுல கலக்கலாமா? பெப்பர்மிண்ட் பாட்டில் திறந்து எவ்வளவு நாள் வரைக்கும் நம்பலாம்?

சொட்டுக்கணக்கு:

ஜெல் பெரும்பகுதி தண்ணி. எண்ணெய் அதுல கரையாது. கலக்கி வச்சுட்டு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, ஜெல் மேல சின்னச் சின்னக் கண்ணு மாதிரி மினுக்கும். ஒவ்வொரு கண்ணும் கலக்காத எண்ணெய். ஒரு தொட்டுல ஒண்ணுமே வராது, அடுத்த தொட்டுல முழுச் சொட்டும் ஒரே இடத்துல வந்து எரியும். கணக்குல 2 சதவீதம், தோல்ல 100 சதவீதம். தண்ணில சொட்டு விட்டு ஸ்ப்ரே பண்றதுக்கும், குளிக்கிற தொட்டில சொட்டு விடறதுக்கும் இதே கதைதான்.

கரைக்கணும்னா பாலிசார்பேட் 20 வேணும். ஒரு பங்கு எண்ணெய்க்கு நாலு பங்கு எடுத்து முதல்ல அது ரெண்டையும் கலந்துட்டு, அப்புறம் ஜெல்லைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கணும். 30 கிராம் ஜெல்லுக்கு 0.6 கிராம் எண்ணெய்னா 2.4 கிராம் ஆகும், ஒட்டுற மாதிரி இருக்கும். செடியிலேர்ந்து எடுத்த ஜெல்னா பிரிசர்வேட்டிவ் கிடையாது, ஃப்ரிட்ஜ்லயே ரெண்டு நாள்தான். அதோட செடியை வெட்டினதும் வடியுற மஞ்சள் பாலைக் கழுவி விடணும், அதுவே தோலை அரிக்க வைக்கும்.

இவ்வளவு பாடு எதுக்கு? ஃப்ரிட்ஜ்ல வச்ச வெறும் ஜெல்லை முதல்ல போடுங்க. காஞ்சதும் தடிப்பு மேல மட்டும் எண்ணெய்க் கலவையைப் பட்ஸ்ல ஒரு புள்ளி. குளிர்ச்சி ரெண்டு பக்கமும் கிடைக்கும், பிசுக்கும் இருக்காது.

வடிகலன்:

கெடுவது எப்படி என்று தெரிந்தால் நாள் கணக்கு தானே வரும். காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் எண்ணெயில் உள்ள லிமோனீன், லினலூல் போன்றவை ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்ஸைடுகளாக மாறும். தோலுக்கு ஒவ்வாமை தருவதில் இவை மூல எண்ணெயைவிட மிக வலிமையானவை. முன்பு ஒத்துக்கொண்ட லாவெண்டர் இன்று பொரிப்பதற்குக் காரணம் இது. பெப்பர்மிண்டில் லிமோனீனும் லினலூலும் குறைவு, அது இரண்டு மூன்று வருடம் தாங்கும். லாவெண்டரைத் திறந்து இரண்டு வருடம், டீ ட்ரீயை ஒரு வருடம். அதற்கு மேல் தோலில் போடாதீர்கள், தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். பூனை இருக்கும் வீடு என்றால் டீ ட்ரீயைத் தரைக்கும் வேண்டாம், பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது.

வாங்கும்போது 10 மில்லி அடர்நிறக் கண்ணாடி பாட்டிலாக வாங்குங்கள். பெரிய பாட்டில் பாதி காலியாக நிற்கும்போது உள்ளே இருப்பது காற்று. மூடியை முகர்ந்து டர்பன்டைன் மாதிரி நெடி அடித்தாலோ, வாய்ப்பகுதியில் பிசின் போல ஒட்டியிருந்தாலோ கெட்டுவிட்டது. நெடி வராமலும் கெட்டிருக்கலாம், அதனால் மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். திறந்த அன்றே தேதியை லேபிளில் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டுங்கள். எண்ணெய் பட்டால் மை கலைந்துவிடும்.